திறந்த எம்.ஆர்.ஐ.: படம் கலங்கினாலும் நோயாளி தவித்தாலும் எங்கே தேடுவது

திறந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். படம் சரியில்லை என்றதும் கை நேராகக் கன்சோலுக்குப் போய்விடும்: ஆவரேஜை, அதாவது ஒரே தரவை எத்தனை முறை எடுத்துச் சராசரி பார்ப்பது என்பதைக் கூட்டு, மறுபடி எடு. எனக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் கழிந்தன. ஆவரேஜைக் கூட்டினால் நேரம் கூடும். நேரம் கூடினால் இடுப்பு வலிக்கும். வலித்தால் நோயாளி அசைவார், முன்பைவிட மோசமான படம் வரும். அதனால் கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலையணையையும் பட்டையையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன். கன்சோல் அதற்குப் பிறகு. பொறியாளருக்குத் தொலைபேசி கடைசியில்.

இவை 0.2 முதல் 0.4 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) வரையிலான நிரந்தரக் காந்த இயந்திரங்களை மனதில் வைத்து எழுதியவை. 1 அல்லது 1.2 டெஸ்லா மீக்கடத்தித் திறந்த இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு நோயாளி பற்றிய பகுதிகள் அப்படியே உதவும். கொழுப்பு, வெப்பநிலை பற்றிய பகுதிகளை அவர்கள் தாண்டிவிடலாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: குறை யாரிடம்?

ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் அரை நாள் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும், என்னையும் சேர்த்து.

நோயாளியை இறக்கிவிட்டு, அதே காயிலில் ஃபான்டத்தை வைத்து அதே சீக்வென்ஸை ஓட்டுங்கள். காயில் என்பது உடலின் சைகையைப் பிடிக்கும் கம்பிச்சுருள், ஃபான்டம் சோதனைக்கான திரவக் குடுவை, சீக்வென்ஸ் ஒரு தொகுதிப் படங்களுக்கான ஓட்டம்.

- ஃபான்டம் படம் சுத்தமாக இருந்தால், குறை நோயாளியிடமோ அவரைப் படுக்கவைத்த விதத்திலோ இருக்கிறது.
- ஃபான்டத்திலும் குறை தெரிந்தால், வேறு காயிலை மாற்றி மறுபடி எடுங்கள். அப்போது குறை மறைந்தால் முதல் காயிலோ அதன் இணைப்பியோதான் காரணம்.
- எந்தக் காயிலிலும் குறை போகவில்லை என்றால் காந்தம், அறையின் கவசம், மின்னணுப் பகுதி ஆகியவற்றில் ஒன்று. கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

## அறிகுறி: உள்ளே போன உடனேயே "வெளியே எடுங்கள்" என்கிறார்

"திறந்த" என்ற சொல்லை நம்பி வந்தவர் இவர். பக்கவாட்டில் திறந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் மேல் காந்தத்துக்கும் டேபிளின் பக்கமுள்ள கீழ் காந்தத்துக்கும் நடுவிலான இடைவெளி பெரும்பாலான இயந்திரங்களில் 40 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். மூடிய இயந்திரத்தின் குழாய் விட்டமோ 60 அல்லது 70 செ.மீ. மல்லாந்து படுத்துக் கண்ணைத் திறந்தால், மூக்குக்கு மேலே தெரிவது ஒரு பெரிய தட்டு. பக்கம் திறந்திருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அதைக் காட்டுவது நம் வேலை.

### மூச்சு முட்டுகிறது என்றால்

இடுப்புப் பட்டையைப் பாருங்கள். இந்த இயந்திரங்களில் காந்தப்புலம் மேலும் கீழுமாக ஓடுவதால், முதுகுக்குக் கீழே தட்டையாக வைக்கும் ஒற்றை வளையக் காயில் பயன்படாது; உடலைச் சுற்றிக் கட்டும் பட்டைக் காயில்தான் வேண்டும். அதை அவர் மூச்சை வெளியே விட்டிருக்கும் நொடியில் இறுக்கிவிட்டால், அடுத்த மூச்சிலிருந்தே நெஞ்சு அடைக்கும். இயல்பாக மூச்சை உள்ளிழுத்து நிறுத்தச் சொல்லிவிட்டுக் கட்டுங்கள், இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். "அச்சம்" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர், பட்டையை ஒரு பிடி தளர்த்தியதும் முழு ஸ்கேனும் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டை சரியாக இருந்தும் திணறினால் உள்ளிருக்கும் மின்விசிறியைப் போடுங்கள். போர்வையை மார்புக்குக் கீழே இறக்குங்கள். முகத்தில் காற்றுப் படுவதே பலருக்குப் போதும்.

### பார்வைக்குப் பயப்படுகிறார் என்றால்

டேபிளை உள்ளே தள்ளும் முன்பே கண்ணைத் துணியால் மூடுங்கள். உள்ளே போய்த் தட்டைப் பார்த்த பிறகு மூடினால் பயன் குறைவு. மனதில் தட்டு பதிந்துவிட்டது. கண்ணை மூட விரும்பாதவரிடம் தலையைத் திருப்பாமல் விழியை மட்டும் பக்கவாட்டில் ஓட்டச் சொல்லுங்கள், அங்கே உட்கார்ந்திருக்கும் துணைவரின் முகம் தெரியும். துணைக்கு வருபவருக்கும் நோயாளிக்குச் செய்யும் அதே உலோகப் பரிசோதனை, அதே கேள்விப் படிவம், அதே காதடைப்பு. விலக்கே கிடையாது.

அழைப்புப் பந்தை அவர் கையில் கொடுத்து, உள்ளே போகும் முன் ஒருமுறை அமுக்கச் சொல்லுங்கள். மணி அடிப்பதை அவரே கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்பதைக் காதால் கேட்டவர் பெரும்பாலும் பந்தை அமுக்குவதில்லை.

### நேரம் தெரியாமல் தவிக்கிறார் என்றால்

"கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லாதீர்கள். "இது நான்கு நிமிடம், தட்டும் ஓசை வரும், முடிந்ததும் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் பேசுங்கள். ஒருமுறை பேச மறந்தால் அதற்கப்புறம் நீங்கள் சொல்வதை அவர் நம்பமாட்டார்.

எப்போது மருத்துவரை அழைப்பது: மூன்றாவது முயற்சியும் தோற்றால் நிறுத்திவிடுங்கள். பதற்றத்துக்கு மாத்திரையா, மயக்கமா, வேறு பரிசோதனையா என்பதைக் கதிரியல் மருத்துவரும் அனுப்பிய மருத்துவரும் முடிவு செய்வார்கள். மயக்கம் என்றால் மயக்கவியல் மருத்துவரும், காந்த அறைக்கு உகந்த கண்காணிப்புக் கருவியும் இல்லாமல் தொடங்கக் கூடாது. "வீட்டிலிருந்து ஒரு மாத்திரை போட்டு வந்தேன்" என்பவரையும் மருத்துவர் பார்த்த பிறகே படுக்கவையுங்கள்.

## அறிகுறி: முதல் இரண்டு சீக்வென்ஸ் தெளிவு, பிறகு கலங்கல்

திறந்த இயந்திரத்தில் அடிக்கடி பார்ப்பது இதுதான். காயிலைச் சந்தேகிக்கவே வேண்டாம். கெட்டுப்போன காயில் முதல் பதினைந்து நிமிடம் மட்டும் நல்ல பிள்ளையாக இருக்காது.

எளிதிலிருந்து தொடங்குங்கள்.

சிறுநீர். ஸ்கேனுக்கு முன் போய்வரச் சொன்னீர்களா? கேட்டால் "வேண்டாம்" என்பார்கள். கேட்காமல் அனுப்புங்கள்.

குளிர். காந்தத்துக்காக அறையைக் குளிரவைக்கிறோம், நோயாளி மெல்லிய அங்கியில் கிடக்கிறார். நடுக்கம் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். பாதத்தை மூடுங்கள், பாதம் சூடாக இருந்தால் பாதி நடுக்கம் போய்விடும்.

முழங்காலுக்குக் கீழே வெற்றிடம். இடுப்புத் தண்டுவட ஸ்கேனுக்கு வருபவர் ஏற்கெனவே இடுப்பு வலியோடு வருகிறார். காலை நேராக நீட்டிப் படுத்தால் இடுப்பு மேலே வளைந்து வலி கூடும். முழங்காலுக்கு அடியில் திண்டு வையுங்கள். திறந்த இயந்திரத்தில் ஒரு சிக்கல்: திண்டு உயரமாக இருந்தால் உள்ளே போகும்போது முழங்கால் மேல் காந்தத்தில் இடிக்கும். டேபிளை மெதுவாகத் தள்ளி, முழங்கால் தாண்டுகிறதா என்று பக்கத்திலிருந்தே பாருங்கள். குதிகாலுக்கு அடியிலும் சிறு பஞ்சு வையுங்கள். இருபது நிமிடத்துக்குப் பிறகு முதலில் முறையிடுவது குதிகால்தான்.

தோள்பட்டை. கையை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தால் படம் அழகாக வரும் என்று படித்திருப்போம். வலிக்கும் தோளை அப்படி அரை மணி நேரம் யாராலும் வைத்திருக்க முடியாது, கை தானாகவே உள்ளே உருண்டுவிடும். கட்டைவிரல் மேலே பார்க்கும் நடுநிலையில் வைத்து, உள்ளங்கையில் மணல்பை வையுங்கள். சற்றுக் குறைவான கோணத்தில் அசையாத படம், சரியான கோணத்தில் அசைந்த படத்தைவிட மேல். தோள் காயிலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் பஞ்சு வைத்தால் மூச்சின் அசைவு காயிலுக்குப் போகாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கலங்கினால் வரிசையை மாற்றுங்கள். மருத்துவருக்கு அவசியமான சீக்வென்ஸ் எது என்று கேட்டு, இடம் குறிக்கும் முன்னோட்டப் படமான லோக்கலைசர் முடிந்த கையோடு அதை ஓட்டுங்கள். நடைமுறையில் பலர் பழக்கத்தால் டி1 வகைப் படத்தை முதலில் எடுத்துவிட்டு, தேவையான டி2 வகைப் படத்தை வலி தொடங்கிய பிறகு எடுக்கிறார்கள். ஆறு நிமிடத்தைத் தாண்டும் சீக்வென்ஸை இரண்டு துண்டாக எடுக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். நடுவில் விழுங்கவும் இருமவும் நேரம் கொடுங்கள்.

எப்போது நிறுத்துவது: வலியால் அசைகிறார் என்று தெரிந்த பிறகு அதே சீக்வென்ஸை மூன்றாவது முறை ஓட்டுவதில் பயனில்லை. எடுத்தவரை மருத்துவரிடம் காட்டுங்கள். "இது போதும்" என்ற பதில் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக வரும்.

## அறிகுறி: படம் முழுவதும் மணல் தூவியதுபோல் இருக்கிறது

குறைந்த காந்தப்புலத்தில் சைகை குறைவுதான். ஆனால் உங்கள் இயந்திரத்தில் நேற்று வந்த படத்தைவிட இன்று மணல் கூடியிருந்தால் அதற்குக் காரணம் உண்டு.

### ஒரே நோயாளியிடம் மட்டும்

காயிலின் அளவை முதலில் பாருங்கள். முழங்காலுக்குப் பெரிய காயிலைப் போட்டிருக்கிறீர்களா? சுற்றிலும் காற்று நிறைந்த காயில் மணலைத்தான் பொறுக்கும். உடல் நுழையும் அளவில் சிறிய காயிலே நல்ல காயில். அதற்காகப் பருமனானவரைச் சிறிய பட்டையில் திணிக்க வேண்டாம். மூச்சு முட்டல் பகுதியை மறுபடி படிக்க நேரும்.

அடுத்து காயிலின் சாய்வு. வளையத்தின் அச்சு காந்தப்புலத்துக்குக் குறுக்கே, அதாவது படுத்திருக்கும் உடலின் நீளவாக்கிலோ அகலவாக்கிலோ இருந்தால் சைகை நன்றாக வரும். வளையம் சரிந்து அச்சு மேல்நோக்கித் திரும்பத் திரும்பச் சைகை வடிந்துவிடும். மணிக்கட்டு, முழங்கை ஸ்கேனில் காயில் பஞ்சிலிருந்து சரிந்து இப்படித் திரும்பிவிடுவது உண்டு.

### எல்லா நோயாளிகளிடமும், ஒரே காயிலில்

இணைப்பியைக் கழற்றி ஊசிமுனைகளைப் பாருங்கள். வளைந்ததா, கறுத்ததா? பட்டைக் காயிலில் மடிப்பு விழும் இடத்தில் உறை கிழிந்திருக்கிறதா? மாட்டும்போது "க்ளிக்" என்று கேட்கிறதா? வளைந்த ஊசியை நீங்களே நிமிர்த்த வேண்டாம், ஒடிந்தால் முழு இணைப்பியையும் மாற்ற நேரிடும். காயிலைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பொறியாளரிடம் சொல்லுங்கள். பட்டைக் காயிலை மடித்து அலமாரியில் திணிப்பவர் யாரென்று தெரிந்தால் அவரிடமும் சொல்லுங்கள்.

### யாரோ அளவுருவை மாற்றியிருக்கிறார்கள்

சேமித்த நெறிமுறையோடு (ஸ்கேனுக்கான அளவுருத் தொகுப்பு) ஒப்பிடுங்கள். கணக்கு எளிது. வெட்டுத் தடிமனை 5 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. ஆக்கினால் சைகை ஐந்தில் மூன்று பங்காகிவிடும். அதை ஆவரேஜ் கொண்டு ஈடுகட்ட ஏறத்தாழ 2.8 மடங்கு நேரம் வேண்டும். 4 நிமிட சீக்வென்ஸ் 11 நிமிடம் ஆகும். ஆவரேஜை 2-லிருந்து 4 ஆக்கினால் நேரம் இரட்டிப்பு, தெளிவோ 1.4 மடங்குதான். படப்பரப்பை 240 மி.மீ.யிலிருந்து 200 ஆகச் சுருக்கினால், மேட்ரிக்ஸ் (படப்புள்ளிகளின் எண்ணிக்கை) மாறாதபோது, 30 சதவீதச் சைகை போய்விடும்.

நேரத்தைத் தொடாமல் கிடைக்கும் ஒரே சலுகை பேண்ட்விட்த், அதாவது சைகையைப் படிக்கும் அலைவரிசை அகலம். அதைப் பாதியாக்கினால் தெளிவு 1.4 மடங்கு. மூடிய இயந்திரத்தில் இதைச் செய்யத் தயங்குவார்கள், 1.5 டெஸ்லாவில் கொழுப்புக்கும் நீருக்கும் இடையே சுமார் 220 ஹெர்ட்ஸ் வித்தியாசம், எல்லைகளில் கறுப்பு விளிம்பு விழும். 0.3 டெஸ்லாவில் அந்த வித்தியாசம் 45 ஹெர்ட்ஸ்தான். ஆகவே ஒரு படப்புள்ளிக்கு 50 ஹெர்ட்ஸ் வரை இறக்கினாலும் இடப்பெயர்வு ஒரு புள்ளியைத் தாண்டாது. எதிரொலி நேரம் (தூண்டலிலிருந்து சைகையைப் படிப்பதுவரையான இடைவெளி) சற்று நீளும். உலோகம் பதித்தவரிடம் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

எப்போது பொறியாளர்: எல்லாக் காயிலிலும், ஃபான்டத்திலும், சேமித்த நெறிமுறையிலும் மணல் இருந்தால்.

## அறிகுறி: உறுப்பின் நிழல் படத்தில் மறுபடி மறுபடி விழுகிறது

நிழல்கள், படத்தின் குறியீட்டுத் திசைகளில் ஒன்றான ஃபேஸ் திசையில்தான் அடுக்கிக்கொண்டு போகும். அந்தத் திசை எதுவென்று பார்த்துவிட்டு, அதே வரியில் அசைவது எது என்று தேடுங்கள்.

கழுத்தில் என்றால் விழுங்குதல். "விழுங்காதீர்கள்" என்று சொன்னால் எச்சில் ஊறத் தொடங்கும். "ஓசை நிற்கும்போது விழுங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். கன்சோலில் தொண்டையின் மேல் சைகை அடக்கும் பட்டை ஒன்று வரைந்து, நெடுக்குவெட்டில் ஃபேஸ் திசையைத் தலை–கால் பக்கம் மாற்றினால் நிழல் தண்டுவடத்தின் மேல் விழாது. மாற்றும்போது ஃபேஸ் ஓவர்சாம்பிளிங்கை (படப்பரப்புக்கு வெளியேயும் சேர்த்து எடுப்பது) போடுங்கள். இல்லையென்றால் தலையும் மார்பும் மடிந்து வந்து கழுத்தில் உட்காரும்.

இடுப்பில் என்றால் வயிற்றின் மூச்சு. வயிற்றின் மேல் அதே போன்ற பட்டை. குறுக்குவெட்டில் நிழல் குழாய்போல் ஒரே வரிசையில் வந்தால் பெருந்தமனித் துடிப்பு. வெட்டுத் தொகுதிக்கு மேலும் கீழும் பட்டை வையுங்கள்.

அசைவே இல்லாத ஃபான்டத்திலும் நிழல் விழுந்தால் கதை வேறு. எந்த நேரத்தில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் லிஃப்ட் ஓடுகிறதா, வெளியே கனரக வாகனம் நிற்கிறதா? நகரும் பெரிய இரும்பு காந்தப்புலத்தை அசைக்கும். நேரம் பொருந்தவில்லை என்றால் பொறியாளரை அழையுங்கள்.

## அறிகுறி: கரும்பள்ளம், ஓரத்தில் வளைந்த வெள்ளை விளிம்பு

உலோகம். நோயாளியை எழுப்பி மறுபடி தேடுங்கள்: கூந்தல் ஊசி, உள்ளாடைக் கொக்கி, பற்பட்டை, சில கண் மைகள், உலோக இழை நெய்த உடை. கையால் தடவிப் பார்ப்பதைவிட முழு உடையையும் மாற்றுவது விரைவு.

உடலுக்குள் பதித்த உலோகம் என்றால், குறைந்த காந்தப்புலம் இங்கே உங்கள் பக்கம். மூடிய இயந்திரத்தைவிடப் பள்ளம் சிறிதாகவே இருக்கும். கிரேடியன்ட் எக்கோ வகைச் சீக்வென்ஸைத் தவிர்த்து வேகச் சுழல் எதிரொலி வகையைப் பயன்படுத்துங்கள், பேண்ட்விட்தைக் கூட்டுங்கள், வெட்டை மெலிதாக்குங்கள்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. "இது குறைந்த காந்தம்தானே, இதய முடுக்கி இருந்தாலும் எடுக்கலாம்" என்று சொல்பவர்கள் எல்லா இடத்திலும் ஒருவராவது உண்டு. கருவியின் அனுமதி 1.5 அல்லது 3 டெஸ்லாவுக்கு என்று எழுதியிருந்தால், அது 0.3 டெஸ்லாவுக்குத் தானாகப் பொருந்தாது. அலைவரிசை மாறும்போது மின்கம்பி சூடாகும் விதமும் மாறும். பல அனுமதிகளில் "கிடைமட்டக் காந்தப்புலம் கொண்ட உருளை வடிவ இயந்திரம்" என்றே எழுதியிருக்கும். நம்முடையது செங்குத்து. கருவியின் மாதிரி எண்ணும் உற்பத்தியாளரின் ஆவணமும் கையில் வந்து, கதிரியல் மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை நோயாளி அறைக்கு வெளியேதான்.

அடுத்தடுத்து வரும் நோயாளிகளுக்கும் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்தால் அது இயந்திரத்தில் ஒட்டிய உலோகம். ஒருமுறை மூன்று நாள் குறுக்கெலும்பில் ஒரே நிழல் வந்துகொண்டிருந்தது. கீழ் மூடியின் இடுக்கில் ஒரு கூந்தல் ஊசி. மேல்பரப்பில் கைக்கு எட்டும் சிறு ஊசியை எடுக்கலாம். மூடிக்கு உள்ளே போனதையும், பெரிய பொருள் எதையும் நீங்கள் இழுக்கக் கூடாது. நிரந்தரக் காந்தத்தை அணைக்க முடியாது. மின்சாரமே போனாலும் அது இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

## அறிகுறி: கொழுப்பு அடங்கவில்லை

மூடிய இயந்திரத்திலிருந்து வந்தவர்கள் தடுக்கி விழும் இடம். அங்கே பழகிய அலைவரிசைத் தேர்வுக் கொழுப்படக்கம் இங்கே வேலை செய்யாது. மேலே சொன்ன 45 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கொழுப்பை மட்டும் பிரித்து அடக்க முடியாது. ஸ்டிர் (கொழுப்பின் சைகை மீளும் நேரத்தை வைத்து அடக்குவது) அல்லது டிக்சன் (நீரையும் கொழுப்பையும் கணக்கிட்டுப் பிரிப்பது) முறைதான் வழி. ஸ்டிர் போட்டும் கொழுப்பு வெளுத்துத் தெரிந்தால், தலைகீழாக்க நேரத்தை (அடக்கும் துடிப்புக்குப் பிறகு படமெடுப்புவரை காத்திருப்பது) 1.5 டெஸ்லா நெறிமுறையிலிருந்து அப்படியே எடுத்து வைத்தீர்களா என்று பாருங்கள். அங்கே 150 மில்லிநொடிக்கு மேல் போகும். குறைந்த புலத்தில் கொழுப்பின் டி1, அதாவது அந்த மீளும் நேரம், குறுகுவதால் இங்கே அதைவிடக் குறைவாக வைக்க வேண்டும்.

மாறுபடு மருந்து செலுத்திய பிறகு ஸ்டிர் எடுக்காதீர்கள். மருந்தால் ஒளிர வேண்டியதும் கொழுப்போடு சேர்ந்து அடங்கிவிடலாம்.

## அறிகுறி: படத்தின் குறுக்கே புள்ளிபுள்ளியாக ஒரு கோடு

வெளியிலிருந்து வானொலி அலை உள்ளே வருகிறது.

1. கதவு முழுவதும் மூடியிருக்கிறதா? பாதி நேரம் இதுதான். கதவிடுக்கில் போர்வை நுனி மாட்டியிருக்கும்.
2. அறைக்குள் புதிதாக என்ன வந்தது? கண்காணிப்புக் கருவி, மாற்றிய விளக்கு, நோயாளி கழற்ற மறந்த காது கேட்கும் கருவி. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அல்லது அணைத்து ஃபான்டத்தை ஓட்டுங்கள்.
3. கதவின் ஓரத்தில் உள்ள செப்பு விரல்களைப் பாருங்கள். கறுத்திருந்தால் உற்பத்தியாளர் சொன்ன முறையில் துடையுங்கள். ஒடிந்திருந்தால் மாற்ற வேண்டும், அது பொறியாளர் வேலை.
4. சுவரைத் துளைத்து யாராவது புதிதாகக் கம்பி இழுத்தார்களா? இந்தக் கேள்விக்கு முதல் பதில் "இல்லை" என்றே வரும். வலையமைப்புப் பணியாளரிடமும் மின்பணியாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கோடாக இல்லாமல் படம் முழுவதும் சாய்ந்த வரிகள், துணி நெய்தாற்போல் தெரிந்தால், அது நொடிப்பொழுதில் தெறிக்கும் மின்பொறி. அறை வறண்டிருக்கிறதா என்று ஈரப்பதமானியைப் பாருங்கள். செயற்கை இழைப் போர்வையை எடுத்துவிட்டுப் பருத்திப் போர்வை போடுங்கள். மறுநாளும் வந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. மூடியைத் திறக்காதீர்கள், அழையுங்கள்.

## அறிகுறி: ஒரு பக்கம் மங்கல், ஓரம் வளைந்து தெரிகிறது

காந்தப்புலம் சீராக இருக்கும் பகுதி நடுவில் மட்டுமே. தோளையும் இடுப்பு மூட்டையும் எடுக்கும்போது உடலை நடுவில் வைத்துவிட்டு உறுப்பை ஓரத்தில் விட்டால் வளையத்தான் செய்யும். திறந்த இயந்திரத்தின் பெரிய வசதியே டேபிளைப் பக்கவாட்டிலும் நகர்த்த முடிவது. நகர்த்துங்கள். நகர்த்தும் முன் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள், படுத்திருப்பவருக்குப் பக்கவாட்டு அசைவு விழுவதுபோல் இருக்கும்.

நடுவில் வைத்தும் மங்கினால் காயிலின் ஒரு பகுதி வேலை செய்யவில்லை. முதல் தலைப்பின் ஃபான்டச் சோதனை.

எதிர்ப்பக்கத்து உறுப்பு மடிந்து வந்து உட்கார்ந்தால் படப்பரப்பைப் பெரிதாக்குங்கள் அல்லது ஓவர்சாம்பிளிங். அவ்வளவுதான். கையை வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள், அடுத்த பகுதிக்காகவும் கூட.

## அறிகுறி: "ஓர் இடத்தில் சுடுகிறது" என்கிறார்

நிறுத்துங்கள். சீக்வென்ஸ் முடிய அரை நிமிடம்தான் இருக்கிறது என்றாலும் நிறுத்துங்கள்.

உடல் முழுவதும் இளஞ்சூடு என்றால் போர்வையும் வியர்வையும் காரணமாக இருக்கும். ஒரே இடத்தில் சுடுகிறது என்றால் வேறு. தொடையும் தொடையும் ஒட்டியிருக்கின்றனவா, விரல்கள் கோத்திருக்கின்றனவா, காயில் கம்பி வளையமாகச் சுருண்டு தோலைத் தொடுகிறதா? தோல் தோலைத் தொடும் இடத்தில் மின்னோட்டம் ஒரு சுற்றாக ஓட வழி கிடைக்கும். குறைந்த காந்தத்தில் சூடு குறைவுதான், ஆனால் தொடும் அந்த ஒரு புள்ளிக்கு அந்தச் சமாதானம் உதவாது. பஞ்சு வைத்துப் பிரியுங்கள், கம்பியை நேராக்குங்கள். பச்சை குத்திய இடம், மருந்துப் பட்டை ஒட்டிய இடம் இரண்டையும் பாருங்கள்.

தோல் சிவந்திருந்தால் ஸ்கேன் அன்றைக்கு முடிந்தது. மருத்துவரைக் கூப்பிடுங்கள், அந்தக் காயிலைத் தனியே எடுத்து வையுங்கள், எழுதி வையுங்கள்.

நோயாளி மயங்கினாலோ மூச்சு நின்றாலோ முதல் செயல் அவரை அறைக்கு வெளியே கொண்டுவருவது. மீட்புக் கருவிகளோடு ஓடி வருபவரை உள்ளே விடக் கூடாது. காந்தம் விழித்துக்கொண்டே இருக்கிறது.

## அறிகுறி: மின்தடைக்குப் பிறகு எதுவும் சரியாக வரவில்லை

மைய அலைவரிசை (இயந்திரம் சைகையைக் கேட்கும் அலைவரிசை) தேடல் தோற்கிறது, படம் இடம் பெயர்கிறது, காலையில் மோசம் மாலையில் பரவாயில்லை. இது பெரும்பாலும் வெப்பநிலை.

நியோடைமியம் காந்தத்தின் வலிமை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் சுமார் 0.1 சதவீதம் மாறும். 0.3 டெஸ்லாவில் அலைவரிசை ஏறத்தாழ 12.8 மெகாஹெர்ட்ஸ், அதில் 0.1 சதவீதம் என்பது 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல். நாம் 45 ஹெர்ட்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதனால்தான் காந்தத்துக்குள் சூடேற்றிகள் ஓயாமல் ஓடி வெப்பத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கின்றன. மின்சாரம் போனால் அவையும் நிற்கும். பல டன் எடையுள்ள இரும்பும் காந்தமும் சேர்ந்த அந்தப் பொருள் ஆறவும் நேரமாகும், மறுபடி நிலைகொள்ளவும் நேரமாகும். மணிக்கணக்கில், நீண்ட தடை என்றால் ஒரு நாளுக்கு மேலும்.

- காந்த வெப்பநிலை காட்டியைப் பாருங்கள். இலக்குக்கு வரவில்லை என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அலைவரிசையைக் கையால் துரத்திக்கொண்டு நோயாளியைப் படுக்கவைக்காதீர்கள்.
- இலக்கில் இருக்கிறது, ஆனாலும் ஊசலாடுகிறது என்றால் அறையின் குளிரூட்டியைப் பாருங்கள். காற்று நேராகக் காந்தத்தின் மேல் அடிக்கிறதா? வடிகட்டி அடைத்திருக்கிறதா? இரவில் யாராவது மின்சாரம் சேமிக்க அணைத்தார்களா?
- சூடேற்றிக்கான மின்சாரம் தடையில்லா மின்வழங்கியில் இணைந்திருக்கிறதா என்பதை அடுத்த தடைக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.

வெப்பநிலை நிலையாக இருந்தும் அலைவரிசை நாளுக்கு நாள் ஒரே பக்கமாக நகர்ந்தால் சூடேற்றியோ உணரியோ கெட்டிருக்கிறது. உடனே அழையுங்கள்.

## பொறியாளரை அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இதைச் சேர்த்து வைத்தால் அவர் ஒருமுறை வருவார். இல்லையென்றால் பார்த்துவிட்டுப் போய், உதிரிபாகத்தோடு மறுபடி வருவார்.

குறை தெரியும் ஃபான்டம் படம் ஒன்று, குறை இல்லாத பழைய ஃபான்டம் படம் ஒன்று, இரண்டும் ஒரே நெறிமுறையில். எந்தக் காயிலில் வருகிறது, எதில் வரவில்லை. அன்றைய மைய அலைவரிசை, காந்த வெப்பநிலை, அறை வெப்பநிலை, ஈரப்பதம். திரையில் வந்த பிழைச் செய்தியின் ஒளிப்படம்; "ஏதோ எண் வந்தது" என்று சொன்னால் அவர் தொலைபேசியில் பெருமூச்சு விடுவது கேட்கும். கடைசியாக, குறை தொடங்கிய நாளுக்கு முந்தைய வாரத்தில் கட்டிடத்தில் நடந்த வேலைகள்: வெள்ளையடிப்பு, விளக்கு மாற்றம், குளிரூட்டி பழுது, பக்கத்து அறைக்கு வந்த புதிய இயந்திரம். இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கத் துப்புரவுப் பணியாளரைவிடச் சரியான ஆள் கிடையாது; அறைக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். கூந்தல் ஊசியைக் கண்டெடுத்ததும் அவர்தான்.